1953: டாப்ஸ் ஓவியமா, போமேன் புகைப்படமா?

1953-ல் அமெரிக்கச் சிறுவர்களுக்கு பபிள்கம்மோடு பேஸ்பால் கார்டு, அதாவது பேஸ்பால் வீரர் படம் போட்ட சிறு அட்டை, விற்ற டாப்ஸ், போமேன் என்ற இரண்டு கம்பெனிகளும் நேரெதிர் வழியில் போயின. டாப்ஸ் வீரர்களை ஓவியமாக வரையச் சொன்னது. போமேன் கலர் பிலிமில் படம் பிடித்தது. பழைய கார்டு சேர்ப்பவர்கள் இதில் எது அழகு என்று இன்னமும் வாதாடுகிறார்கள். என் ஓட்டு போமேனுக்கு.

காரணம் அதன் முன்பக்கம். அங்கே படத்தைத் தவிர எதுவுமே இல்லை. பெயர் இல்லை, அணியின் சின்னம் இல்லை. மெல்லிய கறுப்புக் கோடு, சுற்றிலும் வெள்ளை ஓரம், அவ்வளவுதான். ஆள் யாரென்று தெரிய கார்டைத் திருப்ப வேண்டும். சிறுவர்களுக்கு விற்கும் பொருளில் வீரரின் பெயரையே விட்டுவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 33-ம் எண் கார்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் வீரர் பீ வீ ரீஸ், சறுக்கி வரும் எதிரணிக்காரருக்கு மேலே எகிறி அந்தரத்தில் இருக்கிறார். வீரர்கள் கேமராவுக்கு முன் அசையாமல் போஸ் கொடுப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் இப்படி ஒரு படம்! அதன் மேல் ஒரு எழுத்து விழுந்திருந்தாலும் கெட்டுப்போயிருக்கும். பின்பக்கப் புள்ளிவிவரத்தில் நடப்பு ஆண்டின் வரியைக் காலியாக விட்டிருக்கிறார்கள், சீசன் முடிந்ததும் பையன்களே எழுதிக்கொள்ளட்டும் என்று.

டாப்ஸின் பலம் முகங்கள். 220-ம் எண்ணில் சாட்செல் பேஜைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியும் பந்து வீசிய மனிதர் அவர். அந்த முகத்தில் ஓவியர் பிடித்திருக்கும் கனம் கேமராவுக்குச் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் எல்லாக் கார்டுகளும் அந்தத் தரத்தில் இல்லை, சிலவற்றில் சாயலே சரியாக வரவில்லை. கீழ் மூலையில் சிவப்பு அல்லது கறுப்புப் பெட்டிக்குள் பெயர் இருக்கும். அந்த நிறம் கார்டின் விளிம்புவரை போவதால் லேசாக உரசினாலும் உதிர்ந்து வெள்ளை தெரியும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

யார் எதில் இருக்கிறார் என்பதும் முக்கியம். வீரர்களை ஒப்பந்தம் செய்வதில் இரண்டு கம்பெனிகளும் போட்டியிட்டதால், அன்றைய நட்சத்திர வீரர்களில் வில்லி மேஸும் ஜாக்கி ராபின்சனும் டாப்ஸில் மட்டும். ஸ்டான் மியூசியல் போமேனில் மட்டும். மிக்கி மேண்டில் இரண்டிலும் உண்டு. டாப்ஸில் எண் 280 வரை போனாலும் ஆறு எண்கள் வெளிவரவே இல்லை. இருப்பது 274 கார்டுகள். போமேன் கலர் செட்டில் 160.

கலர் அச்சு போமேனுக்குச் செலவு வைத்தது. அதே ஆண்டு இன்னும் 64 கார்டுகளைக் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். 1954-ல் பெயர் முன்பக்கத்துக்கே திரும்பிவிட்டது. 1956-ல் டாப்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது.

முழு செட் சேர்க்க நினைத்தால் போமேன்தான் சிறியது, ஆனால் 113-லிருந்து மேலே உள்ள எண்கள் அரிது, விலையும் கூடும். ஒரே ஒரு கார்டுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ரீஸை வாங்குங்கள். மூலைகள் மழுங்கியிருந்தால் பரவாயில்லை, நிறம் மட்டும் மங்காமல் இருக்க வேண்டும்.