ரெண்டு நாட்டு ஜெர்சி போட்ட வேகப்பந்து ஆளுங்க: ரேங்கினா, நானஸா, வீஸாவா, கம்மின்ஸா?

தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் ஆடுற எவனுக்கும் இது புதுசு இல்ல. போன ஞாயிறு பாலக்கோடு டீமுக்கு ஓப்பனிங் ஸ்பெல் போட்டவன் இந்த ஞாயிறு காரிமங்கலம் டீம் டீசர்ட்ட மாட்டிகிட்டு அதே பாலக்கோட்டுக்கு எதிரா ஓடி வருவான், என்னடா இதுன்னு கேட்டா "கெஸ்ட் பிளேயர்ணா"ன்னு சிரிச்சுட்டு போயிருவான். இன்டர்நேஷனல்ல அப்படி முடியாது, பாஸ்போர்ட் வேணும், பூர்வீகம் வேணும், இல்லன்னா வருஷக்கணக்கா அங்கயே குடியிருக்கணும். அப்படியும் ரெண்டு நாட்டுக்கு ஆடின பேட்ஸ்மேன் பேரு பல பேருக்கு தெரியும், கெப்ளர் வெசல்ஸ், இயான் மார்கன்னு டக்குனு சொல்லிருவாங்க, பவுலர் யாருன்னு கேட்டா கொஞ்சம் யோசிப்பாங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்புல இப்படி நாலு பவுலர் பேரு வந்துச்சு, அதுல யாரு பெஸ்ட்டுனு ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியல, அதான் என் கணக்க இங்க விலாவாரியா எழுதிடலாம்னு.

முதல்ல பாய்ட் ரேங்கின். 6 அடி 8 அங்குலம், வட அயர்லாந்து டெர்ரி பக்கத்து விவசாயக் குடும்பம். 2007 உலகக் கோப்பைல மார்ச் 17, அயர்லாந்துக்காரங்களுக்கு அது செயின்ட் பேட்ரிக் திருவிழா நாள், அன்னைக்கு ஜமைக்கால பாகிஸ்தான அடிச்சு வெளிய அனுப்புனாங்களே, அந்த மேட்ச்ல 32 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தது இவரு. அப்புறம் 2011 மார்ச் 2, நம்ம ஓசூர்ல பஸ் ஏறுனா 40 கிலோமீட்டர், பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம், இங்கிலாந்து 327 அடிச்சும் கெவின் ஓ'பிரையன் 50 பால்ல செஞ்சுரி போட்டு தூக்கிட்டு போன மேட்ச், அந்த லெவன்லயும் ரேங்கின் இருந்தாரு. ஆனா எல்லாருக்கும் ஓ'பிரையன் பேருதான் ஞாபகம் இருக்கும், பவுலர் பொழப்பு எப்பவும் அப்படித்தான்.

இவ்வளவு பண்ணியும் ஒரு டெஸ்ட் ஆட முடியாது, ஏன்னா அயர்லாந்துக்கு அப்ப டெஸ்ட் அந்தஸ்தே கிடையாது. வார்விக்‌ஷயருக்கு கவுண்டி (இங்கிலாந்து உள்ளூர் லீக்) ஆடிகிட்டு 2012ல அந்த டீம் சாம்பியன்ஷிப் ஜெயிச்சப்ப கூடவே இருந்தவரு, அந்த வருஷமே இனிமே இங்கிலாந்துக்குத்தான் முயற்சி பண்ணப் போறேன்னு அயர்லாந்துகிட்ட சொல்லிட்டாரு. இங்கிலாந்துக்கு இவரோட முதல் ஒருநாள் மேட்ச் யாருக்கு எதிரா தெரியுமா? அயர்லாந்துக்கே எதிரா! 2013 செப்டம்பர், டப்ளின் பக்கத்துல மாலஹைட் கிரவுண்டு, இவரு 46 ரன் குடுத்து 4 விக்கெட். இங்கிலாந்து கேப்டன் மார்கன், டப்ளின்காரரு, அவரு வேற அடிச்சாரு செஞ்சுரி. அன்னைக்கு அங்க டிக்கெட் வாங்கி உக்காந்திருந்த அயர்லாந்துக்காரன் வயித்தெரிச்சல் எப்படி இருந்திருக்கும்னு நெனச்சு பாருங்க, வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரும் எதிர் டீம்ல நின்னு வெளுக்கறாங்க.

சரி, ஆசைப்பட்ட டெஸ்ட் கிடைச்சுதான்னா, கிடைச்சுது, ஒண்ணே ஒண்ணு. 2014 ஜனவரி சிட்னி, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதுற ஆஷஸ் தொடரோட அஞ்சாவது டெஸ்ட், ஏற்கனவே 4-0 தோத்து எல்லாரும் நொந்து போயிருந்த நேரம். உடம்பு ஒத்துழைக்கல, தசைப்பிடிப்பு, ஓவர் நடுவுலயே நிறுத்திட்டு வெளிய போக வேண்டியதாச்சு. மொத்த டெஸ்ட்லயும் எடுத்தது பீட்டர் சிடில் விக்கெட் மட்டும். 5-0 ஆச்சு, அதுக்கப்புறம் இங்கிலாந்து டெஸ்ட் டீம் இவர திரும்பியே பாக்கல.

எங்க குரூப்புல ஒருத்தன் இந்த இடத்துலதான் "பாத்தியா, பேராசை"ன்னான். நான் ஒத்துக்கல. 2012ல அயர்லாந்துக்கு டெஸ்ட் கிடைக்கும்னு எவன் கண்டான்? கிடைச்சது 2017 ஜூன்ல. 28 வயசு வேகப்பந்துக்காரன் அஞ்சு வருஷம் காத்திருந்தா முட்டியும் முதுகும் அதுவரைக்கும் தாங்குமா? ஓசூர்ல இதே கேஸ் தினம் பாக்கறோம், நல்லா போடற பையன் சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல ஓடணுமா, இல்ல பக்கத்துல பெங்களூருல ஒரு கிளப்புல சேந்துரலாமான்னு. எது சரின்னு அன்னைக்கு தெரியாது, பத்து வருஷம் கழிச்சு டீக்கடைல உக்காந்து அதுதான் தப்பு இதுதான் தப்புன்னு சொல்றது ஈஸி.

ரேங்கின் 2016ல அயர்லாந்துக்கே திரும்பி வந்தாரு. 2018 மே, அயர்லாந்தோட முதல் டெஸ்ட், எதிர்ல பாகிஸ்தான், கிரவுண்டு எது? அதே மாலஹைட். அயர்லாந்தோட டெஸ்ட் வரலாற்றுல முதல் விக்கெட்ட எடுத்தது இவருதான், அசார் அலி, ஸ்லிப்ல போர்ட்டர்ஃபீல்டு கேட்ச். அடுத்த வருஷம் லார்ட்ஸ்ல இங்கிலாந்த 85க்கு சுருட்டுனாங்களே (முர்டாக் 5, நம்மாளு 2), அதுலயும் இருந்தாரு, ரெண்டாவது இன்னிங்ஸ்ல அயர்லாந்து 38க்கு ஆல் அவுட் ஆனத மட்டும் யாரும் பேசாதீங்க. மொத்தம் 3 டெஸ்ட், ஒண்ணு இங்கிலாந்துக்கு ரெண்டு அயர்லாந்துக்கு, அதுல ஒண்ணு தான் ஆடுன இங்கிலாந்துக்கே எதிரா.

அடுத்து டிர்க் நானஸ், நம்ம சிஎஸ்கே ஆளுங்களுக்கு 2013 சீசன்ல கொஞ்ச மேட்ச் பாத்த ஞாபகம் இருக்கலாம். மெல்போர்ன்ல பொறந்தவரு, அப்பா அம்மா நெதர்லாந்துக்காரங்க. இடதுகை வேகம். இவரு கத வேற ரகம், மொதல்ல பனிச்சறுக்கு வீரரு, உலகக் கோப்பை பனிச்சறுக்கு போட்டி வரைக்கும் போனவரு, விக்டோரியாவுக்கு முதல்தர மேட்ச் ஆடும்போது வயசு 29. 2009 டி20 உலகக் கோப்பைக்கு ஆஸ்திரேலியா எடுக்கல, சரி போன்னு நெதர்லாந்துக்கு ஆடப் போனாரு, முதல் நாளே லார்ட்ஸ்ல இங்கிலாந்த கடைசி பால்ல தோக்கடிச்சாங்க. அது ஜூன். ஆகஸ்ட்ல பாத்தா ஆஸ்திரேலியா தொப்பி! டெஸ்ட் அந்தஸ்து இல்லாத அசோசியேட் நாட்டுலேருந்து பெரிய நாட்டுக்கு மாற அப்ப காத்திருப்பு காலம்னு ஒண்ணும் கிடையாது, அந்த ஓட்டைய இவர விட நேரத்துக்கு யூஸ் பண்ணவன் கிடையாது. அதே வருஷ ஐபிஎல்ல டெல்லி டீம் இவர ஆட வச்சுட்டு கிளென் மெக்ராத்த சீசன் பூரா பெஞ்சுலயே உக்கார வச்சுது, மெக்ராத்தய்யா, மெக்ராத்!

2010 டி20 உலகக் கோப்பைல 14 விக்கெட், டோர்னமெண்ட்லயே அதிகம். ஃபைனல் பார்படாஸ்ல மே 16, அன்னைக்கு அவருக்கு 34வது பிறந்தநாள், கப்ப இங்கிலாந்து தூக்கிட்டு போயிருச்சு. டெஸ்ட் ஒண்ணு கூட ஆடல, ஒருநாள் ஒண்ணே ஒண்ணு. லேட்டா ஆரம்பிச்ச இடதுகை பவுலர்னாலே நமக்கு பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஞாபகம் வரும், ஆனா நடராஜன் பிரிஸ்பேன்ல டெஸ்ட் ஆடி முதல் இன்னிங்ஸ்லயே 3 விக்கெட் எடுத்துட்டாரு, அந்த விஷயத்துல நம்மாளு ஒரு படி மேலதான். இது ஊர்ப்பாசம்னு சொன்னா சொல்லிட்டு போங்க.

டேவிட் வீஸாவ சீக்கிரம் முடிச்சிடறேன், ஏன்னா இவர வேகப்பந்துன்னு ஒத்துக்கவே எனக்கு மனசு வரல, மித வேகம், கூட அடிக்கவும் செய்வாரு. தென்னாப்பிரிக்காவுக்கு 2013லேருந்து 2016 வரைக்கும் ஆடுனாரு, டர்பன்ல வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா 23 ரன்னுக்கு 5 விக்கெட் எல்லாம் உண்டு, அப்புறம் கோல்பாக் ஒப்பந்தத்துல (வெளிநாட்டு ஆளுன்னு கணக்கு வைக்காம கவுண்டி ஆட விடற வழி) சசெக்ஸ் போயிட்டாரு. அப்பா நமீபியால பொறந்தவருங்கறதால 2021ல நமீபியா ஜெர்சி. பந்தோட சேத்து பேட்டையும் கணக்குல எடுத்தா மாறுன நாட்டுக்கு அதிகமா திருப்பி குடுத்தது இவருதான், அதுல சந்தேகமே இல்ல. 2021 உலகக் கோப்பைல நெதர்லாந்துக்கு எதிரா 40 பால்ல 66 நாட் அவுட், அடுத்து அயர்லாந்தையும் வீட்டுக்கு அனுப்பி நமீபியா அடுத்த சுற்றான சூப்பர் 12 போச்சு. 2024ல ஓமனோட ரெண்டு பேரும் 109ல டை, சூப்பர் ஓவர்ல வந்த 21 ரன்ல 13 இவரு அடிச்சது, அப்புறம் பந்தையும் இவரே வாங்கி போட்டு 10 ரன்ல கட்டி போட்டாரு. பிளேயரா பாத்தா இவருக்கு ஓட்டு போடலாம், வேகப்பந்துன்னு கேட்டா என் ஓட்டு கிடையாது.

தென்னாப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆடுன ரஸ்டி தெரான்னு ஒருத்தரு உண்டு, முட்டி காயம் அவர சாப்பிட்டுருச்சு, அதனால விட்டுடறேன்.

ஆண்டர்சன் கம்மின்ஸ்தான் இந்த லிஸ்ட்ல யாரும் மதிக்காத ஆளு. பேட் கம்மின்ஸ் இல்லப்பா, பார்படாஸ்காரரு. 1991 டிசம்பர் பெர்த் மேட்ச் பெரியவங்க யாராச்சும் சொல்லி கேட்டிருப்பீங்க, நம்ம இந்தியா 126 ஆல் அவுட், வெஸ்ட் இண்டீஸும் 126 ஆல் அவுட், மெயின் பவுலருங்க ஓவர் எல்லாம் தீந்து போய் நம்ம கேப்டன் அசாருதீன் பந்த சச்சின்கிட்ட குடுத்தாரு, ஸ்கோர் சமமா நிக்கும்போது எட்ஜ், ஸ்லிப்ல அசாரே கேட்ச். அந்த கடைசி விக்கெட் இவருதான். மூணு மாசத்துல வெலிங்டன் உலகக் கோப்பை மேட்ச்ல நம்மாளுங்கள 33 ரன்னுக்கு 4 எடுத்து பழி தீத்துகிட்டாரு.

ஆனா எனக்கு புடிச்ச கத அடுத்த மாசம் நடந்தது. 1992 ஏப்ரல், தென்னாப்பிரிக்கா தடை நீங்கி ஆடுற முதல் டெஸ்ட், இடம் பார்படாஸ், சொந்த ஊரு, ஆனா டீம்ல கம்மின்ஸ் பேரு இல்ல, ஆன்டிகுவாவோட கென்னி பெஞ்சமின எடுத்துட்டாங்க. ஊரே கொந்தளிச்சுருச்சு, கம்மின்ஸ் இல்லன்னா நாங்க வரமாட்டோம்னு மேட்ச புறக்கணிச்சுட்டாங்க. இன்னொரு பார்படாஸ்காரரு டெஸ்மண்ட் ஹெய்ன்ஸுக்கு கேப்டன்சி தரலங்கற கோவமும் சேந்துச்சுனு வைங்க. கடைசி நாள் தென்னாப்பிரிக்காவுக்கு 79 ரன் போதும், 8 விக்கெட் கைல, அங்கேருந்து ஆம்ப்ரோஸும் வால்ஷும் சேந்து 148க்கு மடக்கி 52 ரன்ல ஜெயிச்சாங்க, காலி கேலரி முன்னாடி! ஒரு பவுலருக்காக ஒரு தீவே டெஸ்ட் பாக்காம இருந்துச்சு, மத்த மூணு பேருக்கும் அந்த பாக்கியம் கிடையாது. அதுக்கப்புறம் மொத்தமே 5 டெஸ்ட்தான், 1995க்கு அப்புறம் வெஸ்ட் இண்டீஸ் கூப்பிடல, கனடாவுல செட்டிலாகி 2007 உலகக் கோப்பைல 40 வயசுல கனடாவுக்கு பந்து போட்டாரு. ரெண்டு நாட்டுக்கு உலகக் கோப்பை ஆடுனதுல வெசல்ஸுக்கு அடுத்த ஆளு.

என் வரிசை இதுதான்: முடிவு எடுத்ததுல புத்திசாலி நானஸ், ஊரு தூக்கி வச்சு கொண்டாடுனது கம்மின்ஸ, ஆனா பவுலிங் கரியர்னு மொத்தமா எடுத்தா ரேங்கின். இத குரூப்புல போட்டதுமே நானஸ் கட்சிக்காரன் "டெஸ்ட்ட மட்டும் வச்சு கணக்கு போடாதீங்கணா, 14 விக்கெட்டுக்கு பதில் சொல்லுங்க"ன்னு வந்து நிக்கறான். சொல்றேன் தம்பி: உலகக் கோப்பைல பாகிஸ்தான அனுப்புனதுல பங்கு, சொந்த நாட்டோட முதல் டெஸ்ட் விக்கெட், தன்ன கழட்டி விட்ட டீம 85க்கு சுருட்டுனதுல ரெண்டு விக்கெட். நானஸுக்கு ஒரு டோர்னமெண்ட், ரேங்கினுக்கு பன்னெண்டு வருஷம்.