நாற்பது டிகிரி வெயிலில் நிஜ கிறிஸ்துமஸ் மரம்: மெல்பர்னில் வாங்கிய அனுபவம்

மெல்பர்னில் நிஜ மரம் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். ஒரே நிபந்தனை: பண்ணைக்கே போய், கண்ணெதிரே வெட்டச் சொல்லி வாங்க வேண்டும். சாலையோரத்தில் வேலி மேல் சாத்தி வைத்து விற்கும் மரம் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதை என்றைக்கு வெட்டினார்கள், எத்தனை நாள் வெயிலில் நின்றது என்று விற்கிற பையனுக்கே தெரிந்திருக்காது. குளிர்நாட்டில் அது பெரிய விஷயமில்லை. இங்கே டிசம்பர் என்றால் கோடை, வடக்கிலிருந்து ஒரு நாள் அனல்காற்று வீசினால் கொடியில் போட்ட துண்டு அரை மணியில் மொறமொறவென்று காய்ந்துவிடும். தண்ணீரில்லாமல் நிற்கும் மரத்தின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது நகருக்கு வெளியே யாரா பள்ளத்தாக்குப் பக்கம் உள்ள ஒரு குடும்பப் பண்ணை. மரம் ரேடியாட்டா பைன். இந்த ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பது பெரும்பாலும் அதுதான். கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரை அதன் பூர்வீகம். அங்கே கொஞ்சம்தான் மிச்சம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கட்டுமான மரத்துக்காகக் காடு காடாக வளர்க்கிறார்கள். படங்களில் பனி போர்த்தி நிற்கும் ஃபிர் வகை ஆளுயரம் வர ஏழிலிருந்து பத்து வருஷம் ஆகும். ரேடியாட்டாவுக்கு மூன்று முதல் ஐந்து வருஷம் போதும். ஆனால் அதை அதன் போக்கில் விட்டால் ஒல்லியாக, கிளைக்குக் கிளை இடைவெளி விட்டுத்தான் வளரும். அந்தக் கூம்பு வடிவம் வருவதற்கு வருஷத்தில் பல முறை நுனி வெட்டியாக வேண்டும். விலையில் பாதி அந்தக் கத்தரிக்கோலுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு மீட்டர் மரத்துக்கு 120 டாலர். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு இது தாங்கவில்லை. "ஏம்மா, ஒரு சவுக்குக் கொப்பை வெட்டிட்டு வந்து மணல் வாளியில நட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி இம்புட்டுக் காசா?" என்றார். நியாயமான கேள்விதான். அந்தச் சவுக்கே இந்த நாட்டின் வடக்குக் கரைகளில் தானாக வளர்கிற மரம் என்றேன். "அப்போ அதையே வெட்ட வேண்டியதுதானே?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பண்ணையில் வரிசை வரிசையாக மரங்கள், உயரத்துக்கு ஏற்ற நிறத்தில் நாடா. தொப்பி, மூடிய காலணி கட்டாயம். கோடைப் புல்லில் பாம்பு இருக்கலாம். ஈக்களுக்கு மருந்தே இல்லை. வாயைத் திறக்காமல் பேசப் பழகிக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் உருண்டு திரண்ட வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் அடிமரத்தைப் பார்ப்பேன். கீழே ஒரு சாண் அளவுக்காவது கிளையில்லாமல், நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் மரத்தை நிறுத்தும் தாங்கியில் உட்காராது. எங்களுக்கு மரத்தடியில் கிறிஸ்து பிறப்புக் குடில் வைக்கவும் இடம் வேண்டும். அடுத்து உச்சி. ரேடியாட்டாவில் சில மரங்களுக்கு உச்சியில் இரண்டு குருத்து போட்டியிட்டுக்கொண்டு நிற்கும், நட்சத்திரம் செருக முடியாது. பிறகு ஒரு கிளையைப் பிடித்து உள்ளிருந்து வெளியே கையால் உருவிப் பாருங்கள். மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும் பச்சை ஊசியிலைகள் கையோடு வரக் கூடாது, மடக்கினால் வளைய வேண்டும். உள்ளே தண்டை ஒட்டி உதிரும் பழுப்பு இலைகள் பழசு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உலுக்கிவிட்டு எடுத்து வந்தால் பாதி குப்பையும் சிலந்திகளும் அங்கேயே விழுந்துவிடும்.

வெட்டிய பையன் கல்லூரி விடுமுறைக்கு வேலை பார்க்கிறவன். தரையோடு தரையாகப் படுத்து வில்ரம்பத்தால் அறுத்து, வலைக் குழாய்க்குள் செலுத்தி, காரின் மேல் அடிப்பக்கம் முன்னால் இருக்கும்படி கட்டித் தந்தான். நுனி முன்னால் இருந்தால் எதிர்காற்று கிளைகளை விரித்து முறித்துவிடும். வலைக்குத் தனிக் காசு வாங்கவில்லை. குறை என்றால், சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பணம் கட்ட ஒரே ஒரு கார்டு இயந்திரம், அதற்கும் சிக்னல் கிடையாது. வெயிலில் வெட்டிய மரத்தோடு வரிசையில் நிற்க வைப்பது சரியில்லை. இன்னொன்று, காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் பண்ணையைத் திறக்கமாட்டார்கள். முந்தின மாலையே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீர் விஷயம்தான் முக்கியம். வெட்டிய இடத்தில் பிசின் வடிந்து வாயை அடைத்துக்கொள்ளும். வெட்டி ஆறேழு மணி நேரத்துக்குள் தண்ணீரில் வைத்துவிட வேண்டும். தாமதமானால் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மறுபடி அறுத்துவிட்டு வையுங்கள். தாங்கிக்குள் நுழையவில்லை என்று பட்டையைச் சீவுகிறவர்கள் இருக்கிறார்கள். மரம் தண்ணீர் குடிப்பது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி வழியாகத்தான், அதைச் சீவினால் போச்சு. அடிமரத்தின் குறுக்களவில் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு. பத்து சென்டிமீட்டர் மரத்துக்கு நாலு லிட்டர் கொள்ளும் தாங்கி வேண்டும். பண்ணையிலேயே விற்ற இரும்புத் தாங்கியை 55 டாலருக்கு வாங்கினேன். நாலு பக்கம் திருகு, அகலமான கிண்ணம். வருஷா வருஷம் உதவும், வாங்கலாம். சிலுவை மாதிரி இரண்டு கட்டையை ஆணியடித்து மலிவாக விற்பதைத் தொடாதீர்கள், அதில் தண்ணீருக்கு வழியே இல்லை.

வாட்ஸப்பில் சர்க்கரை போடு, ஆஸ்பிரின் போடு என்று வரும். எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். முதல் சில நாள் மாடு குடிப்பதுபோல் குடித்தது. காலையும் மாலையும் ஊற்றினேன். நாற்பது டிகிரி அடித்த நாளில் மேற்கு ஜன்னல் திரையை மதியத்துக்கு முன்பே இழுத்துவிட்டோம். குளிர்சாதனக் காற்று நேராக மேலே படாத மூலைதான் அதற்கு இடம். வெயிலைப் போலவே அந்தக் காற்றும் இலையை உலர்த்திவிடும். விளக்குகள் எல்இடி மட்டும். இங்கே டிசம்பரில் சூரியன் மறையவே எட்டே முக்கால் ஆகிறது, ஒன்பதரைக்கு முன்னால் விளக்குப் போட்டுப் பிரயோசனமில்லை. குழந்தைகள் தூங்க மறுப்பது வேறு கதை.

கிளைகள் மெத்து. கனமான கண்ணாடி உருண்டைகளைத் தொங்கவிட்டால் கீழே சாய்கின்றன. பஞ்சு, காகிதம், மெல்லிய மரப்பொம்மைகள் சரி. ஊரிலிருந்து வந்த பெரிய காகித நட்சத்திரம் வழக்கம்போல வாசலில்தான்.

பிளாஸ்டிக் மரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதற்கு வாசனை இல்லை. தொட்டி மரம் வேண்டுமானால் வொலமை பைன் நன்றாக இருக்கும்: 1994இல் நியூ சவுத் வேல்ஸ் பள்ளத்தாக்கு ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்ட பழங்கால இனம். விலை அதிகம், உள்ளே கொஞ்ச நாள்தான் வைக்கலாம், பிறகு வெளியே விட்டுவிட வேண்டும்.

மரம் டிசம்பர் இரண்டாவது வாரம் வந்தது. அதற்கு முன்னால் வாங்காதீர்கள், நள்ளிரவுப் பூசைக்குள் களை போய்விடும். ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள் வரை பச்சையாகவே நின்றது. கடைசி வாரம்தான் உதிர ஆரம்பித்தது. பிறகு துண்டு போட்டு, நகராட்சியின் பச்சைக் கழிவுத் தொட்டியில் இரண்டு தவணையாகப் போட்டோம். கம்பளத்தில் சிக்கிய ஊசியிலைகளைத் தூசி உறிஞ்சியால் எடுக்காதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். ரப்பர் துடைப்பம் கொண்டு இழுங்கள்.