கார் ஸ்பீக்கரில் கரகரப்பு: ஸ்பீக்கரை மாற்றுவதா, ஃபில்டர் போடுவதா, எர்த்தைச் சரிசெய்வதா?

புதிதாக ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபையரோ பொருத்திய காரில் ஒலி கரகரக்கத் தொடங்கியதும், கேட்பவர்களிடமிருந்தெல்லாம் மூன்று யோசனைகள் வந்து சேரும். ஸ்பீக்கர் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்பார் ஒருவர். இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை இடையில் போட்டால் போதும் என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் பிரித்து, எர்த் (மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பக் காரின் உடலோடு செய்யும் இணைப்பு) முதல் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும் என்பார் மூன்றாமவர். முதல் இரண்டும் பொருள் வாங்கித் தீர்த்துக்கொள்ளும் வழிகள்; மூன்றாவது நம் நேரத்தையும் பொறுமையையும் கேட்கும் வழி. நான் மூன்றாவதன் பக்கம்தான். ஆனாலும் மற்ற இரண்டுக்கும் உரிய இடம் உண்டு. அது எதுவென்று தெரியாமல் அவற்றை ஒதுக்கிவிடவும் கூடாது.

எந்த வழி பொருந்தும் என்பதைச் சத்தமே சொல்லிவிடும். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஒலியைக் கூட்டினால் மட்டும் வரும் கரகரப்பு, ஆம்ப் அதன் எல்லையைத் தாண்டுவதைக் காட்டுகிறது. கார் குலுங்கும்போதோ கதவைத் திறந்து மூடும்போதோ விட்டு விட்டு வரும் வெடிப்பொலி, தளர்ந்த இணைப்பின் அடையாளம். எந்த ஒலி அளவிலும் ஒரே ஸ்பீக்கர் மட்டும் உரசுவதுபோல் ஒலித்தால்தான் சந்தேகம் ஸ்பீக்கர் மேல் திரும்ப வேண்டும்.

அந்தச் சந்தேகத்தையும் வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள முடியும். ஆம்பின் வெளியீட்டில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பாருங்கள். கோளாறு அதே ஸ்பீக்கரிலேயே தங்கினால் குற்றம் ஸ்பீக்கரிலோ அதற்குச் செல்லும் ஒயரிலோ இருக்கிறது. மறுபக்கத்துக்குத் தாவினால் ஸ்பீக்கர் நிரபராதி. அடுத்து, ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால், 4 ஓம் என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கர் ஏறக்குறைய 3 முதல் 3.6 ஓம் வரை காட்டும். கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசல் கேட்டால், உள்ளிருக்கும் சுருள் காந்தத்தின் இடைவெளியில் உராய்கிறது என்று பொருள். இந்த உராய்வுக்கு மட்டமான ஸ்பீக்கர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சமதளமில்லாத இடத்தில் திருகுகளை ஒரே பக்கமாக இறுக்கியதால் சட்டம் நெளிந்தும் அது வரலாம். திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கினாலே சில ஸ்பீக்கர்கள் சரியாகிவிடும். இத்தனையும் பார்த்த பிறகும் உரசல் நின்றபாடில்லை என்றால் மாற்றுவதில் தவறில்லை. அதற்கு முன் மாற்றுவது, புது ஸ்பீக்கரையும் அதே நெளிவில் பொருத்துவதில்தான் முடியும்.

ஃபில்டரா, எர்த்தா என்பதுதான் உண்மையான போட்டி. ஹெட் யூனிட்டின், அதாவது பாட்டு வைக்கும் ஸ்டீரியோவின், எர்த் டாஷ்போர்டுக்குள் ஓரிடத்தில் இருக்கும். ஆம்பின் எர்த் டிக்கியில் வேறோரிடத்தில் இருக்கும். காரின் உடல் வழியாக ஆல்டர்னேட்டர் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருப்பதால், இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே மிகச் சிறிய வோல்டேஜ் வேறுபாடு உண்டாகிறது. ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குச் சிக்னலைக் கொண்டுசெல்லும் ஆர்சிஏ கேபிளின் வெளிக்கவசம் இரண்டையும் இணைப்பதால், அந்த வேறுபாடு கவசத்தின் வழியே மின்னோட்டமாகி இசையோடு கலந்துவிடுகிறது. இதைத்தான் கிரவுண்டு லூப் என்கிறார்கள். இதற்கான ஃபில்டராக விற்கப்படும் ஐசோலேட்டருக்குள் இருப்பது, சமமான சுற்றுகள் கொண்ட சிறிய டிரான்ஸ்ஃபார்மர். அது நேரடி மின்தொடர்பைத் துண்டித்துவிட்டுச் சிக்னலை மட்டும் காந்தப்புலம் வழியே கடத்துகிறது. ஊளை நின்றுவிடும், உண்மைதான். ஆனால் மலிவான ஐசோலேட்டரின் சிறிய இரும்பு உள்ளகம் தாழ்ந்த அதிர்வெண்களில் திணறுவதால், பாஸ் மெலிந்துபோகும். பாஸுக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபருக்காகவே ஆம்ப் போட்டவருக்கு இது பெரிய இழப்பு.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மோசமான எர்த் இரைச்சலை மட்டும் தருவதில்லை. மின்தடை கூடிய அந்த இணைப்பு சூடாகும், ஆம்புக்குக் கிடைக்கும் வோல்டேஜையும் குறைக்கும். ஐசோலேட்டர் காதுக்குத் தெரியும் அறிகுறியை மறைத்துவிட்டு, தெரியாத பழுதை அப்படியே விட்டுவைக்கிறது. எர்த்தைச் சரிசெய்தால் இரண்டும் ஒருங்கே தீரும். வேலை இவ்வளவுதான்: பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காரின் உடலோடு ஒன்றான கனமான உலோகத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் பரப்பில் போல்ட் வைத்து இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே பூச்சு கொடுப்பது. எர்த் ஒயர், ஆம்பின் பவர் ஒயருக்குச் சமமான தடிமனோடும், இயன்றவரை அரை மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது உயிர் காக்கும் இடம்.

எர்த் சரியா என்பதை ஓம் அளவில் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். மல்டிமீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால், ஒயரின் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தால்கூட ‘நல்ல இணைப்பு’ என்றே காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டை உரக்க வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை ஆம்பின் எர்த் திருகிலும் வைத்து டிசி வோல்டேஜை அளப்பதே நம்பகமான சோதனை. 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நிம்மதி கொள்ளலாம். அரை வோல்ட்டை நெருங்கினால் அந்தப் பாதையில் எங்கோ பழுது இருக்கிறது.

இரைச்சல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் முதலில் பிரித்தறிய வேண்டும். ஆம்பை அணைத்துவிட்டு ஆர்சிஏ கேபிளைக் கழற்றி, மறுபடி இயக்குங்கள். சத்தம் நின்றால் அது கேபிள் வழியாகவோ ஹெட் யூனிட்டிலிருந்தோ வந்தது. நிற்காவிட்டால் ஆம்பின் பவர், எர்த் பக்கம் பாருங்கள். கேபிள் வழியாக என்றால், ஆர்சிஏவும் பவர் ஒயரும் ஒரே பக்கமாக ஒட்டி ஓடுகின்றனவா என்று கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. ஒன்றைக் காரின் இடப்புறமும் மற்றதை வலப்புறமும் கொண்டுசெல்வதே முறை. குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

ஐசோலேட்டருக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. கார் சார்ஜரில் செருகிய போனை அதே நேரத்தில் ஆக்ஸ் கேபிளிலும் இணைக்கும்போது மட்டும் ஊளை கேட்டு, சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால், லூப் சார்ஜர் வழியாக உருவாகிறது. அங்கே மாற்றியமைக்க எர்த் போல்ட் எதுவும் இல்லை. ஆகவே ஆக்ஸ் பாதையில் ஐசோலேட்டர் போடுவதே அறிவுடைமை. பவர் ஒயரில் இணைக்கும் சுருள் ஃபில்டரோ, 12 வோல்ட் ஒயர் வழியே வரும் இரைச்சலுக்கு மட்டுமே உதவும். லூப்பை அது தொடவே தொடாது.

ஒலியைக் கூட்டினால் மட்டும் கரகரக்கும் அமைப்பில் இந்தப் போட்டியே எழாது. அங்கே கெயினைக் குறைப்பதா, தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை இயக்குவதா என்பதே கேள்வி. கெயின் என்பது ஒலியைக் கூட்டும் திருகு அன்று. ஹெட் யூனிட்டின் சிக்னல் அளவுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும் ஆம்பின் வெளியீடு ஏறக்குறைய 14 வோல்ட். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஏசி அளவில் அந்த எண்ணைத் தொடும் இடத்தில் கெயினை நிறுத்தலாம். கதவிலுள்ள ஆறரை அங்குல ஸ்பீக்கர் பாஸ் அடிக்கும்போது மட்டும் பிளிறினால், 80 ஹெர்ட்ஸ் அருகே ஹை-பாஸ் வைப்பது கூடுதல் பலன் தரும். சப்வூஃபர் உள்ள காரில் இரண்டையும் செய்துவிடுங்கள். இல்லாத காரில் பாஸை முழுதாக இழக்க மனம் வராது, கெயினிலிருந்து தொடங்குங்கள்.

விட்டு விட்டு வரும் வெடிப்பொலிக்கு மருந்து இணைப்பைப் புதிதாகச் செய்வது மட்டும்தான். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். சால்டர் உறுதியானது, ஆனால் ஈயம் ஊறி விறைத்த இடத்தை அடுத்து, அதிர்வில் ஒயர் ஒடியலாம். ஒயரை உலோக உறைக்குள் வைத்து நசுக்கி இணைக்கும் கிரிம்ப்பை, சரியான கருவியால் செய்ததையே நான் தேர்ந்தெடுப்பேன். கதவு கீலின் ரப்பர் குழாய்க்குள் ஒடிந்த இழைகளையும், உலோகத்தில் உரசித் தோலுரிந்த ஸ்பீக்கர் ஒயரையும் மறக்காமல் தேடுங்கள். இன்றைய ஹெட் யூனிட்டுகளில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் முனையும் மின்னழுத்தம் கொண்டதே. அது காரின் உடலைத் தொட்டால், இரைச்சலோடு நிற்காமல் ஹெட் யூனிட்டின் உள் ஆம்பே பழுதாகக்கூடும்.