டோனி விருது விழா: மேடையில் கடல் படைத்தவர்கள் எங்கே?

நியூயார்க்கின் பெரிய அரங்குகளில் நடக்கும் பிராட்வே நாடகங்களை நேரில் பார்க்க வாய்ப்பில்லாத ஒருவருக்கு, ஆண்டுதோறும் ஜூன் மாதத்து ஞாயிறு இரவொன்றில் அவற்றுக்காக அங்கேயே நடைபெறும் டோனி விருது விழாதான் அந்த உலகத்தை எட்டிப்பார்க்கக் கிடைக்கும் பெரிய சாளரம். (பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகருக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை, இந்த 'டோனி', 1946இல் மறைந்த நடிகையும் இயக்குநருமான ஆன்டனெட் பெர்ரியின் செல்லப்பெயர்.) அந்தச் சாளரம் எதைக் காட்டுகிறது, எதைத் திரைபோட்டு மறைக்கிறது என்பதைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வந்ததில் எழுந்த மதிப்பீடு இது.

முதல் விழா 1947 ஏப்ரல் 6 அன்று வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் ஒரு விருந்தாக நடந்தது. இன்று வெற்றியாளர்கள் கையில் ஏந்தும் பதக்கம்கூட 1949இல்தான் வந்தது. அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது 1967இல். அதன் பிறகு இது விருது விழாவாக மட்டும் இருக்கவில்லை; மூன்று மணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவும் ஆனது. என் பாராட்டும் குறையும் அந்த இரண்டாம் முகத்தைப் பற்றியவை.

பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டு விழா, திரைக்கதை எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், எழுதிக்கொடுத்த உரையே இல்லாமல் நடத்தப்பட்டது. தொகுப்பாளர் அரியானா டிபோஸ் ஒப்பனை அறையில் உரைக் கோப்பைத் திறந்து பார்க்கிறார். தாள்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து, யுனைடெட் பேலஸ் அரங்கத்தின் கூடங்களின் வழியே ஆடிக்கொண்டே மேடைக்கு வந்துசேர்கிறார். வழக்கமான செயற்கை நகைச்சுவைத் துணுக்குகள் இல்லாத அந்த விழாவே நான் பார்த்தவற்றுள் சிறந்தது. நாடகக்காரர்களுக்கு உடம்பே போதும் என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டின.

ஆனால், விழாவின் நேரம் பங்கிடப்படும் விதம் எனக்கு உடன்பாடில்லை. சிறந்த இசை நாடகத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒவ்வொரு படைப்பும் தன் பாடற்காட்சி ஒன்றை முழு அலங்காரத்துடன் மேடையேற்றுகிறது. அதற்கான செலவைப் பெரும்பாலும் தயாரிப்பாளர்களே ஏற்கிறார்கள். அன்றிரவு எடுபடாமல் போன இசை நாடகங்கள் சில வாரங்களில் மூடப்படுவதும் உண்டு என்பதால், அது விளம்பரம் என்பதில் ஒளிவுமறைவில்லை. வசன நாடகங்களுக்கோ பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு சுருக்கமான அறிமுகத்தோடு சரி. ஒரு நல்ல காட்சியின் இரண்டு நிமிட உரையாடலைக்கூடப் பார்வையாளர்கள் பொறுக்கமாட்டார்கள் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

இதைவிடப் பெரிய குறை, அரங்க அமைப்பு, ஒளி, ஒலி, உடை ஆகிய கலைகளுக்கான விருதுகள் முக்கிய ஒளிபரப்புக்கு முன்னதாக, 'ஆக்ட் ஒன்' என்ற தனி முன்நிகழ்ச்சியில் வழங்கப்படுவது. புதுச்சேரியில் தொடங்கி, நடுக்கடலில் ஒரு படகில் புலியோடு சிக்கிக்கொள்ளும் சிறுவனைப் பற்றிச் சொல்லும் 'லைஃப் ஆஃப் பை' கதையின் நாடக வடிவம் அதே 2023இல் மூன்று டோனி விருதுகளைப் பெற்றது. மூன்றும் வசன நாடகப் பிரிவில் அரங்க அமைப்பு, ஒளியமைப்பு, ஒலி வடிவமைப்பு ஆகியவற்றுக்கானவை. மருத்துவமனை அறையொன்று கண்ணெதிரே கடலாகவும் படகாகவும் மாறும் நாடகம் அது. அந்த மாற்றம் இல்லையென்றால் நாடகமே இல்லை. அந்தக் கடலை உருவாக்கியவர்களுக்கான பாராட்டு, முக்கிய ஒளிபரப்பு தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. ஒலி வடிவமைப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. 2014 விழாவுக்குப் பிறகு அந்த விருதையே நீக்கிவிட்டார்கள். வாக்களிப்பவர்களில் பலருக்கு அதை மதிப்பிடத் தெரியவில்லை என்ற காரணம் அப்போது பேசப்பட்டது. கலைஞர்களின் எதிர்ப்புக்குப் பின் 2018 விழாவில்தான் அது திரும்பி வந்தது. கேட்கத் தெரியாதவர்களுக்குக் கேட்கக் கற்றுத்தராமல் விருதை எடுத்துவிடுவது என்ன நியாயம்?

லண்டனின் ஆலிவியே நாடக விருதுகள் இதே நாடகத்தை 2022இல் கௌரவித்த விதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதன்மைப் பாத்திரத்தில் நடித்த, இலங்கையில் பிறந்த ஹிரான் அபேசேகர சிறந்த நடிகரானார். துணை நடிகருக்கான விருது, புலிப் பொம்மைக்கு உயிர்கொடுத்த ஏழு பேருக்கும் கூட்டாகச் சென்றது. தலைக்கு ஒருவர், நடுவுடலுக்கு ஒருவர், பின்னங்கால்களுக்கு ஒருவர் என்று மூவர் சேர்ந்து மூச்சுவிடவைக்கும் அந்தப் புலியை நடிப்பாக ஏற்றுக்கொள்ள ஒரு துணிவு வேண்டும். டோனியில் அதே புலிக்கு நடிப்புக்கான எந்தப் பரிந்துரையும் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. போட்டிக்கு வருபவை, 500 இருக்கைகளோ அதற்கு மேலோ கொண்ட, பிராட்வே எனத் தகுதி பெற்ற 41 அரங்குகளின் படைப்புகள் மட்டுமே. நியூயார்க்கின் சிறிய அரங்குகளில் நடக்கும் துணிச்சலான முயற்சிகளுக்கு இங்கு இடமில்லை. ஆகவே 'அமெரிக்க நாடகத்தின் சிறந்தவை' என்று இந்தப் பட்டியலை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் அடுத்த ஜூனில் இதைப் பார்க்கத்தான் போகிறேன், வரிசையை மாற்றி. நீங்களும் முன்நிகழ்ச்சியை முதலில், முழுமையாகப் பார்த்துவிடுங்கள். பாடற்காட்சிகள் மறுநாளே தனித்தனியாக இணையத்தில் வந்துவிடும். அவற்றை நிதானமாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.