குத்திப் பாக்குற சமையல் தெர்மாமீட்டர் – வாங்கலாமா?

கறி வெந்துருச்சான்னு நெறத்த வெச்சு முடிவு பண்றவங்கதான் அதிகம், ஆனா நெறத்த நம்பவே கூடாது, வெளிய நல்லா வெந்த மாதிரி தெரியும், எலும்பு பக்கம் வேகாமயே கெடக்கும். கோழிக்கு உள்ள 74 டிகிரி செல்சியஸ் வரணும், கொத்துக்கறிக்கு 71. அத பாக்கத்தான் இந்த டிஜிட்டல் மீட்டர். ரொம்ப தடிமனான எடத்துல, எலும்புல படாம குத்தணும், பட்டா தப்பா காட்டும்.

மூணு செகண்ட்ல ரீடிங்னு டப்பால போட்டிருக்கு, அதெல்லாம் சும்மா, நம்பர் ஒரு எடத்துல நிக்குறதுக்குள்ள ஆவில நம்ம கை வெந்துரும். ஆனா கணக்கு சரியா இருக்கு. டம்ளர் நெறைய ஐஸ் போட்டு கொஞ்சமா தண்ணி ஊத்தி நடுவுல நுனிய வெச்சேன், 0 காட்டுச்சு. நீங்களும் வாங்குன உடனே இத பண்ணிருங்க, ஒத்து வரலன்னா ரிட்டர்ன் போட்டுருங்க.

நான் இத அதிகமா எடுக்குறது சமைக்கும்போது இல்லைங்க, மிச்சம் எடுத்து வெக்கும்போதுதான். 5லருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி பெருகுற ரேஞ்சு, பெரிய பாத்திரத்துல அப்படியே விட்டா ஓரம் ஆறிரும், நடுவுல குத்திப் பாத்தா ரொம்ப நேரம் அந்த ரேஞ்சுலயே நிக்கும். அதுனால அகலமான சின்ன பாத்திரத்துல பிரிச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுல வெச்சுடறேன். ஃப்ரிட்ஜும் செக் பண்ணலாம், உள்ள ராத்திரி ஒரு டம்ளர் தண்ணி வெச்சு காலைல குத்திப் பாருங்க, 5க்கு கீழ இருக்கணும்.

மீட்டர்ல 74 வந்துருச்சுன்னா எல்லாம் சேஃப்னு மட்டும் நெனைக்காதீங்க. சோத்த ரொம்ப நேரம் வெளிய விட்டா பேசிலஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா விஷத்த உண்டாக்கி வெச்சுரும், அது திரும்ப சூடு பண்ணாலும் போகாது, அத எந்த மீட்டரும் காட்டாது.

மீட்டர்ல பிடிக்காதது அந்த குத்துற கம்பிக்கு வர்ற மூடி. உள்ள ஈரம் தங்குது, நான் மூடி போடாமயே வெக்குறேன். பச்சக் கறில குத்துனா சோப்பு போட்டு கழுவிட்டுதான் அடுத்தது குத்தணும், ஆனா தல பக்கம் வாட்டர்ப்ரூஃப் இல்ல, கொழாய்ல அப்படியே காட்ட முடியாது. 5க்கு 4, மூடிக்கும் அந்த மூணு செகண்ட் பீலாவுக்கும் சேத்து ஒண்ணு கட்.