387 காலத்துக் கணிதத் துணைச்செயலிகள்: துல்லியத்தில் எது முந்துகிறது?

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்தை மட்டும் வைத்துப் பழைய கணிதத் துணைச்செயலிகளை (முதன்மைச் செயலிக்குத் துணையாக மிதவைப்புள்ளிக் கணக்குகளை, அதாவது பின்னப் பகுதியுள்ள எண்களின் கணக்குகளை, செய்த சில்லுகளை) ஒப்பிட்டால், பேசுவதற்கு அதிகம் இருக்காது. முடிவிலாத் துல்லியத்துடன் கணக்கிட்டு ஒரே ஒரு முறை முழுமையாக்கினால் என்ன விடை கிடைக்குமோ அதுவே இவற்றின் விடையாக இருக்க வேண்டும் என்று 1985-இல் வெளிவந்த, மிதவைப்புள்ளிக் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரம் விதித்தது. ஆகவே தரத்தைப் பின்பற்றும் சில்லுகள், ஒரே எண்வடிவில், கடைசி பிட் வரை ஒத்துப்போக வேண்டும். சைன், டேன்ஜென்ட், மடக்கை ஆகியவற்றுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. தயாரிப்பாளர்கள் வெவ்வேறு வழிகளில் சென்றது அங்கேதான்.

1980-இல் வந்த இன்டெல் 8087-இன் டேன்ஜென்ட் கட்டளை 0 முதல் π/4 வரையிலான கோணங்களையே ஏற்றது. பெரிய கோணத்தை, π-ஐக் கொண்டு, இந்த எல்லைக்குள் சுருக்குவது நிரலரின் பொறுப்பு என்பதால், துல்லியமும் பாதி அவர் கையில்தான் இருந்தது. பின்னர் வந்த இன்டெல் 80387 (சுருக்கமாக 387) இந்தச் சுமையைத் தானே ஏற்று, சைன், கோசைன் கட்டளைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் சுருக்கத்துக்கு அது பயன்படுத்திய π-இன் மதிப்பு 66 பிட் மட்டுமே. π-க்கு மிக அருகிலுள்ள 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணின் (இந்த வடிவின் துல்லியம் 53 பிட்) உண்மையான சைன் 1.2246468 × 10⁻¹⁶. 66 பிட் π-ஐக் கொண்டு சுருக்கினால் கிடைப்பதோ 1.2246064 × 10⁻¹⁶. கோணம் சிறியதாக இருக்கும்போது பத்தொன்பது இலக்கம் வரை நம்பக்கூடிய ஒரு சில்லு, இங்கே ஐந்து இலக்கத்தோடு நின்றுவிடுகிறது.

387-க்குப் போட்டியான சைரிக்ஸ் 83டி87-ஐ நான் அதைவிட உயர்வாக மதிக்கிறேன். இடப்பெயர்வையும் கூட்டலையும் படிப்படியாகச் செய்யும் கார்டிக் வழியை 387 நம்பியிருக்க, சைரிக்ஸ் வன்பொருள் பெருக்கியைக் கொண்டு பல்லுறுப்புக் கோவைகளைக் கணக்கிட்டது. வழக்கமாக வேகத்தைக் கூட்டினால் துல்லியம் குறையும். இச்சில்லில் இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன.

இன்டக்ரேட்டட் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி நிறுவனத்தின் 3சி87, 4×4 அணிப்பெருக்கலுக்குத் தனிக் கட்டளை தந்தது, முப்பரிமாண வரைகலைக்குப் பெரிய வசதி. எனினும் 387-இலும் உள்ள 80 பிட் எண்வடிவில் (இதன் துல்லியம் 64 பிட்), பூச்சியத்தை ஒட்டிய மிகச்சிறு எண்களை அது தரம் கேட்டபடி கையாளவில்லை.

வெய்டெக் 3167-இல் 80 பிட் வடிவமே கிடையாது. அதன் உச்சத் துல்லியம் 53 பிட். 387-இல் அது 64 பிட். நீண்ட கூட்டல்களின் இடையில் சேரும் முழுமையாக்கப் பிழைகளை அந்தப் பதினொரு பிட்டுகள் தாங்கிக்கொள்ளும் என்பதால், வரைகலைக்கு வெய்டெக்கைப் பரிந்துரைப்பேன், எண்ணியல் பகுப்பாய்வுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

8087-இன் வடிவமைப்பில் இன்டெல்லுக்கு ஆலோசகராக இருந்த வில்லியம் கஹன் எழுதிய ‘பாரநாய்யா’ சோதனை, முதன்மையாக அடிப்படைக் கணக்கையே துருவுகிறது. அதில் தேறிய சில்லின் சைன் எப்படியிருக்கும் என்பதை அதைக்கொண்டு சொல்ல முடியாது. சைன் போன்ற சார்புகளை ஒப்பிட விரும்புவோர், மிகுதுல்லிய மென்பொருள் விடையை அளவுகோலாக வைத்து, கடைசி பிட்டின் அலகில் பிழையை எண்ண வேண்டும். அப்போதும் 0 முதல் π/4 வரையிலான கோணங்களையும் π-இன் மடங்குகளை ஒட்டியவற்றையும் தனித்தனியே சோதிப்பது அவசியம், ஏனெனில் இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் 387-இன் சுருக்கப் பிழை கண்ணிலேயே படாது.