ஆட்டோ சேனலா, பேசி வைத்த சேனலா?

எங்கள் குடியிருப்பில் 16 வீடுகள். நான்கு மாடி, நடுவில் படிக்கட்டு, அதைச் சுற்றி மாடிக்கு நான்கு வீடு. போன வருடம் வரை எல்லார் வீட்டு வைஃபை ரவுட்டரும் 'ஆட்டோ' சேனலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சேனல் என்பது ரவுட்டர் பேசும் அலைவரிசையின் எண். இரவு எட்டு மணிக்கு மேல் யார் வீட்டில் பார்த்தாலும் படம் பாதியில் நின்று வட்டம் சுற்றும். எல்லாரும் அவரவர் நெட் கம்பெனியைத் திட்டினோம். நான் திட்டியதோடு நிற்காமல் கம்பெனியையே மாற்றிப் பார்த்தேன். வட்டம் அப்போதும் சுற்றியது. ஆனால் அதே நேரத்தில் லேப்டாப்பைக் கேபிளில் செருகினால் பறந்தது. கோளாறு ஃபைபரில் இல்லை, ரவுட்டருக்கும் சோபாவுக்கும் நடுவில் இருக்கும் பத்தடிக் காற்றில்.

எங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, எந்தச் சேனல் என்பதை ரவுட்டர்களே முடிவு செய்யட்டும் என்று இப்படியே விட்டுவிடுவது. இன்னொன்று, எல்லாரும் உட்கார்ந்து பேசி வீட்டுக்கு ஒரு சேனல் என்று பிரித்துக்கொள்வது. எட்டு மாதமாக இரண்டாவது வழியில் இருக்கிறோம். நான் அந்தக் கட்சிதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வைஃபை ஓடும் அலைக்கற்றை ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் மாதிரி. யாரும் உரிமம் வாங்க வேண்டியதில்லை, யாரும் சொந்தம் கொண்டாடவும் முடியாது. நம் ஊர் விதியே அப்படித்தான் சொல்கிறது: அடுத்தவருக்கு இடையூறு செய்யக் கூடாது, நமக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது. பக்கத்து வீட்டு ரவுட்டர் மேல் புகார் கொடுக்க அலுவலகம் எதுவும் கிடையாது. பேசித்தான் தீர்க்க வேண்டும்.

வைஃபை ஓடும் அலைப் பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் மொத்த இடம் 83.5 மெகாஹெர்ட்ஸ். ரவுட்டர் அமைப்பில் 1 முதல் 13 வரை சேனல் காட்டும். அதைப் பார்த்து 13 பேர் உட்காரலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். எண்ணுக்கு எண் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு நெட்வொர்க் எடுத்துக்கொள்வதோ 20. ஒன்றை ஒன்று இடிக்காமல், நடுவில் கொஞ்சம் இடமும் விட்டு உட்கார வழக்கமாக 1, 6, 11 என்று மூன்று நாற்காலிதான்.

16 வீட்டுக்கு மூன்று நாற்காலி போதுமா என்று கேட்டால், போதாதுதான். ஆனால் ஒரே சேனலில் ஐந்து பேர் இருப்பது நாம் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். அதே சேனலில் இன்னொரு வைஃபை பேசுவது புரிந்தால், மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகக் குரல் மெலியும்) அளவுக்கு மெல்லிய குரலாக இருந்தாலும் தன் முறைக்குக் காத்திருக்கும். தாமதம் உண்டு, ஆனால் வரிசை நகரும். பாதி மட்டும் மேலேறிய சேனல்தான் வில்லங்கம். நான் 1-ல் இருக்கிறேன், மேல் வீடு 3-ல் என்றால், அவர்கள் பேசுவது எனக்கு வார்த்தையாக விழாது, இரைச்சலாகத்தான் விழும். வெறும் இரைச்சலுக்கு ரவுட்டர் மைனஸ் 62 டிபிஎம் வரை அசைந்து கொடுக்காது. நடுவில் 20 டெசிபெல், அதாவது 100 மடங்கு வித்தியாசம். அதற்குக் கீழே இருக்கும் இரைச்சல் மேலேயே பேசிவிடும். இருவர் பேச்சும் கெடும், திரும்ப அனுப்பும், மறுபடியும் கெடும்.

ஒரு நாள் ராத்திரி இரண்டாவது மாடிப் படியில் நின்று சுற்றியுள்ள ரவுட்டர்கள் எந்தெந்தச் சேனலில் இருக்கின்றன என்று காட்டும் வைஃபை அனலைசர் ஆப்பைப் போனில் திறந்து பார்த்தேன். 3, 4, 8, 9 என்று நாற்காலிகளுக்கு நடுவில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழும் ஆட்டோ தேர்ந்தெடுத்தவை. காலி மாதிரி தெரிந்த இடத்தில் அது துண்டைப் போட்டிருக்கிறது.

ஆட்டோவுக்காகவும் பேச வேண்டும். யாருக்கும் வேலை இல்லை, அது பெரிய விஷயம். நல்ல ரவுட்டர் என்றால் ஓடும்போதே அவ்வப்போது சுற்றிலும் பார்த்து இடம் மாறும். எங்கள் வீடுகளில் இருப்பது கம்பெனி சும்மா கொடுத்த பெட்டி. அதில் பல, ஆன் ஆகும்போது ஒரே ஒரு தடவை பார்ப்பதோடு சரி. கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? 16 பெட்டியும் ஒரே நேரத்தில் கண் விழிக்கின்றன. ஒவ்வொன்றும் பார்க்கும்போது மற்றதெல்லாம் இன்னும் பேச ஆரம்பித்திருக்காது. அடடா, ஊரே காலி என்று ஆளாளுக்கு ஒரே இடத்தில் போய் இறங்கும். மாதாந்திர மின்தடை முடிந்த அன்றைக்கு ராத்திரி நெட் ஏன் கூடுதலாகப் படுத்துகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பேசி வைத்த சேனலில் கணக்கு சுலபம். படிக்கட்டுக்கு எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு வீட்டுக்கு ஒரே சேனல், மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொன்று. முதல் மாடி 1, 6, 1, 11. இரண்டாவது 6, 11, 6, 1. மூன்றாவது 11, 1, 11, 6. நான்காவதில் திரும்பவும் 1, 6, 1, 11. பக்கத்திலும் நேர் மேலே கீழேயும் ஒரே எண் வராது. கூடவே 2.4-ல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எல்லாரும் 20 ஆக்கினோம். பழைய 'பி' முறையையும் (802.11b என்ற மெதுவான பழைய வைஃபை) அணைத்தோம். அது இருந்தால் ரவுட்டர் நொடிக்குப் பத்து தடவை 'நான் இருக்கிறேன்' என்று சொல்வதையே 1 மெகாபிட் வேகத்தில் இழுத்து இழுத்துச் சொல்லும். ஒரு வைஃபை பெயருக்கு, சேனலில் பேசக் கிடைக்கும் நேரத்தில் இரண்டு சதவீதத்துக்கு மேல் அதிலேயே போய்விடும்.

இரவு எட்டு மணி வட்டம் இப்போது அபூர்வம். இதில் சேனல் பிரித்ததன் பங்கு எவ்வளவு, 'பி'யை அணைத்ததன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே வாரக்கடைசியில் செய்துவிட்டோம்.

இந்த வழியில் உண்மையான செலவு பராமரிப்புதான். காசு ஒரு ரூபாய் ஆகவில்லை, ஆள்தான் வேண்டும். முதல் சுற்றில் 16 வீட்டிலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற ஒரு சார், "தம்பி, என் வீட்டு வைஃபை மேல உங்களுக்கு என்ன கண்ணு?" என்றே கேட்டுவிட்டார். அவர் கையாலேயே மாற்ற வைத்தேன், நான் திரையைத் தொடவே இல்லை. இப்போது அவர்தான் எங்கள் காவல்காரர்.

அப்புறம், மாற்றியது மாற்றியபடி இருக்காது. நெட் நின்றது என்று கூப்பிட்டால் வரும் பையன் முதலில் ஊசியால் ரீசெட் பொத்தானைத்தான் குத்துவான், சேனல் ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். குடித்தனக்காரர் மாறினால் பெட்டியும் மாறும். எட்டு மாதத்தில் ஆறு தடவை இப்படி ஆனது. ஆறும் ஆட்டோ எண்ணில் உட்கார்ந்ததை அனலைசரில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதனால் மீட்டர் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: வீட்டு எண், சேனல், கடைசியாகப் பார்த்த தேதி. மாதம் ஒரு தடவை சார் போனோடு நான்கு மாடி ஏறி இறங்குவார், பதினைந்து நிமிடம். இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஆள் இல்லாத குடியிருப்பு என்றால் ஆட்டோவிலேயே இருந்துவிடுங்கள். பாதி வீடு பேசி வைத்தபடியும் பாதி வீடு இஷ்டப்படியும் இருந்தால் பெரிய லாபம் இல்லை.

வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸில் இவ்வளவு பாடு இல்லை. 2018-ல் நம் நாட்டில் அங்கே நிறைய இடம் உரிமம் இல்லாமல் திறந்துவிட்டார்கள், சுவரும் தளமும் பக்கத்து வீட்டு அலையை நன்றாகத் தடுக்கும். 80 மெகாஹெர்ட்ஸ் வேண்டாம், 40 போதும் என்று மட்டும் பேசிக்கொண்டோம். ரேடார் ஓடும் நடுச் சேனல்களைத் தொடவில்லை. அங்கே ரவுட்டர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும், ரேடார் வந்தால் எழுந்து வேறு இடம் போய்விடும். ஆன்லைன் வகுப்பு நடக்கும் வீட்டில் அது தலைவலி.

மூன்றாவதாக, கட்டடம் முழுக்கப் பொதுவாக ஒரே வைஃபை போட்டு ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டியில் நடத்தலாம். ஹாஸ்டல்களில் அப்படித்தான். நான் நடத்திப் பார்த்ததில்லை. காகிதத்தில் அதுதான் சுத்தமான தீர்வு, ஆனால் மாதச் சந்தா பற்றி 16 வீட்டுக்காரர்களை ஒரே முடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

போன வாரம் மூன்றாவது மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. கையோடு மூன்று பெட்டி கொண்ட மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் அமைப்பு) ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறார்கள், அது தன் இஷ்டத்துக்குச் சேனல் மாற்றும் ரகம். தாளில் அந்த வீட்டுக்கு நேரே சார் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆப்பில் சேனலைப் பூட்ட வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.